உறைபனியை விற்றவன்

அன்று விடியற்காலையில் முதலில் குனிந்து ஒரு கிழங்கை எடுத்தவள் சிப்ரியானாதான். எதிலும் முதல் ஆளாக நிற்பது அவள் வழக்கம். கெட்ட செய்தி என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் மலையில் கடுங்குளிர் அடிக்கிற ஜூன் மாதத்தில் புல்வெளியில் பரப்பி வைத்த கசப்புக் கிழங்கு, விடியும்போது கூழாங்கல்லாக இறுகியிருக்க வேண்டும். இரண்டை எடுத்துத் தட்டினால் டக் டக்கென்று சத்தம் வரவேண்டும். பரப்பிய முதல் ராத்திரி உறைபனி லேசாகத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. தொட்டும் தொடாமலும் விட்ட கிழங்கு அழுகத்தான் செய்யும். சிப்ரியானா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நாறுது," என்றாள்.

நாங்களும் ஆளுக்கொன்று எடுத்துப் பார்த்தோம். தோல் வழுக்கியது. எங்கள் ஊர் கிஸ்வார்பம்பாவின் அடுத்த வருடச் சாப்பாடு அந்தப் புல்வெளியில்தான் கிடந்தது. உறைபனியில் இறுகி, ஓடையில் ஊறி, பெண்கள் காலில் மிதிபட்டு, வெயிலில் காய்ந்து வெள்ளை வெளேரென்று வந்தால்தான் அது மொராயா. வந்துவிட்டால் வருடக்கணக்கில் கெடாது. சூப்பில் போடலாம், வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கலாம், மகள் கல்யாணத்துக்கு மூட்டையாக அனுப்பலாம். வராவிட்டால் அது வெறும் கசப்புக் கிழங்கு. பன்றிகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

"மேகம் மூடியிருக்கும்," என்றேன்.

"என்ன மேகம்? வானம் முழுக்க நட்சத்திரமாக் கெடந்துச்சு. நானே வெளிய வந்து பாத்தேன்." சிப்ரியானா குரலைத் தாழ்த்தினாள். "ஜூன் மாசத்துல பனி வராம இருக்குமா தியோதோரா? வரவிடாம யாரோ பண்ணியிருக்காங்க."

யாரோ என்று சொன்னாளே தவிர, அவள் கண் நேராகப் போய் நின்றது இலாரியோ அண்ணன் வீட்டுக் கூரையில். மற்றவர்கள் கண்ணும் அங்கேதான் போயிற்று. என்னுடையதும்தான்.

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தராசை வெறுமனே ஒருமுறை தூக்கிப் பார்க்காமல் எதையும் நிறுக்க விடமாட்டேன். சிரித்துக்கொண்டே வருகிறவனைக் கண்டால் முதலில் அவன் கையைத்தான் பார்ப்பேன். இந்த மலையில் அப்படி இருந்தால்தான் பிழைக்க முடியும். ஆனால் இலாரியோ அண்ணன் எனக்கு யாரோ அல்ல. என் மகளுக்கு முதல் முடி வெட்டியவர் அவர்தான். எங்கள் பக்கம் அந்த உறவு கூடப் பிறந்த உறவுக்குக் குறைந்ததல்ல. அவரைச் சந்தேகப்படுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பட்டேன்.

குள்ளமான மனிதர். முன்பல் ஒன்று இல்லாததால் பேசும்போது நடுவில் ஒரு விசில் சத்தம் வரும். வாலிபத்தில் கீழே காட்டுப் பக்கம் ஆற்றில் தங்கம் அலசப் போனார். தங்கம் கிடைக்கவில்லை, காய்ச்சல் கிடைத்தது. எலும்பும் தோலுமாக லாரியிலிருந்து இறங்கியவர், எதிரே வந்த தாயாரிடம் முதலில் கேட்டது, "எனக்குச் சால் வெச்சிருக்கீங்களா?" என்றுதான். ஊர்ப் பொதுநிலத்தில் வருடா வருடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை சால் என்று பிரித்துக் கொடுப்பார்கள். சால் இருந்தால் அவன் ஊர்க்காரன். இல்லையென்றால் வழிப்போக்கன். தாயார் வைத்திருந்தார். அதைக் கேட்டபிறகுதான் தண்ணீர் குடித்தாராம். அப்படியும் அந்த மனிதர் தங்கத்தை எங்கோ புதைத்து வைத்திருக்கிறார் என்று இன்றுவரை அவர் வீட்டுக் கொல்லையைக் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டு போகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

மூன்று விதைப்பாக அவர்தான் எங்கள் அராரிவா. விதைத்த நாளிலிருந்து தோண்டும் நாள்வரை பயிருக்குக் காவல் இருப்பவர். வயலிலேயே வைக்கோல் குடிசை போட்டுத் தனியாக இருக்கவேண்டும். மனைவியோடு படுக்கக்கூடாது, உப்புச் சேர்க்கக்கூடாது. ஆலங்கட்டி மேகம் கறுத்து வந்தால் சங்கூதி விரட்டவேண்டும். பிப்ரவரியில் கிழங்குச் செடி பூத்திருக்கும்போது உறைபனி இறங்கப் பார்த்தால் புகை போட்டுத் துரத்தவேண்டும். பயிர் பிழைத்தால் ஒவ்வொரு குடும்பமும் அவருக்குப் பங்கு கொடுக்கும். பயிர் கருகினால் ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி, உப்பைத் தின்றாயா, பெண்டாட்டியைத் தொட்டாயா என்று சந்தி சிரிக்கக் கேட்பார்கள். அதனாலேயே அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. யாரும் வராதபோது இவர் கையைத் தூக்கினார்.

மூன்று வருடமும் ஒரு பூகூடக் கருகவில்லை. உறைபனி எங்கள் வயலை எட்டிப் பார்க்கவே இல்லை. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அந்த வருடம் திருவிழாவில் சோளக்கள் உள்ளே போனதும், பெஞ்சின் மேல் ஏறி நின்று, "நான் போன்னா போகும், வான்னா வரும்! உறைபனி என் வீட்டு நாய்!" என்று விசிலடித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். சிப்ரியானா மட்டும் சிரிக்காமல் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த முடிச்சை அவிழ்த்தாள். "அவன் வாயாலேயே சொன்னானா இல்லையா? போன்னு சொல்லியிருக்கான், போயிடுச்சு. வான்னு சொல்லலை, வரலை. தோண்டி முடிச்ச அன்னிக்குச் சங்கைத் திருப்பிக் குடுக்கறப்ப பனியை அவுத்துவிடணுமே, சத்தமாச் சொன்னானா? வாய்க்குள்ளயே என்னவோ முனகினான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஊர்த் தலைவர் மெல்ச்சோர், தலைக்கு மேலே போகும் விஷயத்தில் முதலில் யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற ஆள். அன்று மாலையே அண்ணனை வயலுக்குக் கூட்டிப்போய், எல்லாரும் கேட்க, மலைச்சாமிக்குக் கள் ஊற்றி, பனியை மறுபடி அவிழ்த்துவிடச் சொன்னார்கள். அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். "போதும்! இனிமே வரலாம்! வா!" மறுநாள் விடிந்தது. புல்லில் பனித்துளி இருந்தது. உறைபனி இல்லை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் மாதா கோவிலுக்குப் பின்னால்தான் மொராயாவுக்குக் கிழங்கு பரப்பினோம். அப்புறம் அங்கே சரியாக இறுகவில்லை என்று மேட்டுக்குப் போனோம். அப்புறம் அதற்கும் மேலே. இப்போது கோவிலுக்குப் பின்னால் மக்காச்சோளம் விளைகிறது. எங்கள் ஊரில் சோளம் விளைகிறதென்று முதல் வருடம் ஆளாளுக்குக் கதிரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. கேட்காமல் கிடைக்கிற பொருளை நான் நம்புவதில்லை. கீழ்ப்பள்ளத்தில் மட்டும் இருந்த இலைக் கருகல் நோய் மேட்டு வயல்வரை ஏறியது. கிழங்கையும் வருடா வருடம் மேலே மேலே கொண்டுபோய் விதைத்தோம். சூடு கூடிக்கொண்டே வருகிறது, உலகம் முழுக்க இப்படித்தான் என்று கீழே நகரத்திலிருந்து ஒரு பயிர் அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். இதைச் சும்மா சொல்வதற்காகவா ஒருவன் இவ்வளவு தூரம் ஜீப்பில் வருவான் என்று அவரையும் சந்தேகப்பட்டோம்.

உலகம் முழுக்க என்றால் யாரைப் பிடித்துக் கேட்பது? இலாரியோ அண்ணன் என்றால் பக்கத்திலேயே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இன்னொன்று நடந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ரித்திகோச்சா ஊர்க்காரர்கள் புது மொராயாவைக் கொண்டுவந்து துணியில் கொட்டியிருந்தார்கள். பால் மாதிரி வெள்ளை. நான் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாதது எரிச்சலாக இருந்தது. அண்ணனின் மனைவி சாந்துசா ரித்திகோச்சாப் பெண். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அன்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

"புரியுதா?" என்றாள் சிப்ரியானா, திரும்பி வரும் வழியில். "நமக்கு வரவேண்டிய பனியை மாமியா ஊருக்கு வித்துட்டான்."

"பனியை எப்படிடி விக்கறது? சாக்குல கட்டியா?"

"சாக்குலதான் கட்டியிருக்கான்! மத்தியானம் தாண்டினா சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு கணவாய்ப் பக்கம் ஏறிப் போறான். விடிஞ்சப்புறம் வெறும் சாக்கோட எறங்கி வர்றான். நீ பாத்ததில்லையா? உன் வீட்டு வழியாத்தானே போறான்?"

பார்த்திருந்தேன். கேட்கவும் கேட்டேன். "லாமாவுக்கு உப்பு வைக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். அவருடைய லாமா இரண்டும் அப்போது என் வேலிப்பக்கம்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் மதியம் நான் ஏறினேன். அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே போய் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். யாராவது கேட்டால் என் லாமா காணோம் என்று சொல்லிக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க வந்தார். சாக்கை இறக்கினார். ஒரு கல்லருகே குனிந்தார். திரும்பாமலே சொன்னார்.

"வா தங்கச்சி. உன் லாமா இங்க இல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது. "என்னுதும் இல்ல, உங்களுதும் இல்ல. உங்க லாமா என் வேலியை முட்டிக்கிட்டு நிக்குது. சாக்குல என்ன?"

அவர் சாக்கைக் கவிழ்த்தார். கசப்புக் கிழங்கு. வேறொன்றும் இல்லை. அந்தக் கல்லருகே ஏற்கனவே ஒரு கை கிழங்கு கிடந்தது. ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "நசுக்கு."

நசுக்கினேன். தோண்டியெடுத்த அன்று இருந்த மாதிரியே கெட்டியாக இருந்தது. உறைபனி அதைத் தொடவே இல்லை.

மேலே கூட்டிப்போனார். ஏற ஏற அங்கங்கே ஒரு கல், கல்லருகே ஒரு கை கிழங்கு. ஒவ்வொரு இடத்திலும் நசுக்கச் சொன்னார். ஓரிடத்தில் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தது. கணவாயில் இரண்டு ஊர் எல்லைக்கும் நடுவே வழிப்போக்கர்கள் கல் போட்டுப் போட்டுக் குவிந்த மேடு இருக்கிறது. அங்கே பாதி தளர்ந்திருந்தது. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினோம். ஓடையோரம் சமதளமான ஈரப் புல்வெளி. அங்கே கிடந்ததை எடுத்து நான் அழுத்தியதும் ஜில்லென்று தண்ணீர் பீறிட்டு மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஓடியது. ராத்திரி நன்றாக இறுகி, பகலில் இளகினால்தான் அப்படி வரும்.

"இங்கதான் இருக்கு," என்றார். "இத்தனை நாளா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அது எங்கயும் போகலை. மேல ஏறிடுச்சு."

"இது ரித்திகோச்சாக்காரங்க நெலமாச்சே."

"ஆமா."

"இதை ஊர்ல சொல்லாம ஏன் திருடன் மாதிரி வந்து போறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பனி ரித்திகோச்சா நெலத்துல இருக்குன்னு நான் போய்ச் சொன்னா என்ன சொல்வாங்க? 'உனக்கெப்படித் தெரியும், நீதானே வெச்சே'ன்னு சொல்லமாட்டாங்களா? நீயே சொல்லுவியே."

சொல்லியிருப்பேன். இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டேன். "அப்ப மூணு வருசமா நம்ம பூவைப் பனி தொடலையே, அது?"

பல் இல்லாத இடத்தில் காற்று விசிலடித்தது. "நான் புகைதான் போட்டேன் தங்கச்சி. அது வந்து நான் விரட்டலை. வரவே இல்லை. எனக்கு ரெண்டாவது வருசமே சந்தேகம்தான். எல்லாரும் பாராட்டினீங்களா, பேசாம இருந்துட்டேன்."

பரப்பாமல் வைத்திருந்த நல்ல கிழங்கு மிச்சம் வைக்கோலுக்கு அடியில் குவியலாக இருந்தது. அது முளைவிடத் தொடங்கியதும் ஊர் பொறுமையை இழந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். அண்ணனை நடுவில் நிறுத்தினார்கள். சாந்துசா சுவரோரமாக உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். நூல் அறுந்து அறுந்து போயிற்று.

மெல்ச்சோர் சொன்னார், "இலாரியோ, பனியைத் திருப்பிக் கொண்டுவா. இல்லேன்னா இந்த வருசத்துலேர்ந்து உனக்குப் பொதுநெலத்துல சால் கிடையாது."

அடித்திருந்தால்கூட அண்ணன் அப்படி ஆடிப்போயிருக்க மாட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். அப்புறம் உண்மையைச் சொல்லிவிட்டார். பனி எங்கும் போகவில்லை, கணவாய்க்கு அந்தப் பக்கம் ஓடையோரப் புல்வெளியில் தினமும் இறங்குகிறது, கிழங்கை அங்கே கொண்டுபோனால் மொராயா ஆகிவிடும் என்றார்.

சிப்ரியானா கையைத் தட்டினாள்.

"கேட்டீங்களா? எந்தப் புல்வெளின்னுகூடத் தெரிஞ்சிருக்கு! வெச்சவனுக்குத்தானே வெச்ச எடம் தெரியும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் எழுந்தேன். "நானும் பாத்தேன். என் கையால நசுக்கினேன். கணவாய்க்கு இந்தப் பக்கம் எங்கயும் இல்ல, ஏற ஏறத்தான் இருக்கு. அவர் வைக்கலை, கண்டுபிடிச்சாரு. உங்கள்ல ஒருத்தர் ஏறிப் பாத்தீங்களா?"

"உன் மகளுக்கு முடி வெட்டினவன். நீ வேற எப்படிப் பேசுவ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான் அந்த இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் மெல்ச்சோர் ஒரு வழி சொன்னார். வைத்தானோ கண்டுபிடித்தானோ, ரித்திகோச்சாக்காரர்களிடம் போய்ப் புல்வெளியைக் கேட்போம். கிடைத்தால் இலாரியோவுக்குச் சால் உண்டு. கிடைக்காவிட்டால் இல்லை.

நாலு பேர் கணவாய்க் கல்மேட்டுக்குப் போய் அவர்களைச் சந்தித்தோம். மெல்ச்சோர், சிப்ரியானா, அண்ணன், நான். ஒரு பை கொக்கா இலை, ஒரு புட்டி கரும்புச் சாராயம். ரித்திகோச்சாவில் கம்பளிக்காக அல்பாக்கா மேய்க்கிறவர்கள்தான் அதிகம். பேச்சைக் காசு மாதிரி எண்ணிச் செலவு பண்ணுகிறவர்கள். அவர்கள் தலைவர் அனக்லேத்தோ, சாந்துசாவுக்குச் சித்தப்பா. இலையை வாங்கி மென்றார். சாராயத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மெல்ச்சோரை முதலில் குடிக்கச் சொன்னார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"புல்வெளி வேணுமா?" என்றார் அனக்லேத்தோ. "உங்க ஊர்ல புல்வெளி இல்லாமப் போச்சா?"

"பனி இல்ல," என்றார் மெல்ச்சோர்.

"அது எங்களுக்குத் தெரியும். உங்க பனி எங்ககிட்டத்தானே இருக்கு." வாயில் இருந்த இலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். "பிப்ரவரியில எங்க அல்பாக்காக் குட்டிங்க விறைச்சுச் செத்துச்சு. உங்க ஊர்ல ஒரு பூகூடக் கருகலை. மூணு வருசமா இதேதான். எங்க மாப்பிள்ளை அங்கேர்ந்து புகை போட்டு எங்க மேல விரட்டி விட்டுட்டாரு. உங்க கெழங்கு பொழைக்க எங்க குட்டி சாகணுமா?"

சிப்ரியானா என் விலாவில் முழங்கையால் இடித்தாள். அவள் கண் பளபளத்தது. நம் ஊரில் மட்டுமல்ல, இங்கேயும் அவன் தலையில்தான் விடிந்திருக்கிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு திருப்தி.

"இப்ப கெழங்கைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க," என்று தொடர்ந்தார் அனக்லேத்தோ. "இன்னிக்குப் பரப்ப எடம் கேப்பீங்க. நாளைக்கு விதைக்க எடம் கேப்பீங்க. உங்க பின்னாலேயே கருகல் நோயும் ஏறி வரும். எனக்குத் தெரியாதா?"

மெல்ச்சோர் புட்டியைத் திருகிக்கொண்டிருந்தார். அனக்லேத்தோவே சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். ஓடையோரம் வருசா வருசம் பரப்பிக்கோங்க. விதைக்கக் கூடாது. ஆனா இலாரியோ எங்களுக்கு வேணும். குடும்பத்தோட இங்கயே வந்துடட்டும். எங்க அராரிவாவா இருக்கட்டும். பிப்ரவரியில குட்டிங்க மேல பனி எறங்காம விரட்டணும். ஜூன்ல மொராயாவுக்குக் கூப்பிடணும். அவ்வளவு சக்தி இருக்கிற ஆளைக் கீழ விட்டு வெச்சா எங்களுக்குத் தூக்கம் வராது."

"கூட்டிக்கோங்க," என்றார் மெல்ச்சோர்.

வாயில் போட்ட இலையை மெல்லுவதற்கு முன்னால் சொல்லிவிட்டார். அண்ணன் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. விலை படியாத ஆட்டைத் தள்ளிவிடுகிறவனுக்குக்கூட இதைவிடத் தயக்கம் இருக்கும்.

அனக்லேத்தோ அண்ணனைக் கேட்டார். "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. ஊருக்குள்ள பேசிக்கிறாங்களே, நீங்க சொன்னா உறைபனி கேக்கும்னு. நெசந்தானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் வெறும் புகைதான் போட்டேன், என்னிடம் எந்தச் சக்தியும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்களுக்கு அவர் தேவையே இல்லை. எங்களுக்குப் புல்வெளியும் இல்லை. அவர் கணவாய்ப் பக்கம் திரும்பினார். கீழே எங்கள் ஊர் தெரிந்தது. கோவிலுக்குப் பின்னால் சோளத்தட்டை மஞ்சளாகக் காய்ந்து நின்றது. பக்கத்தில் கிழங்குக் குவியல்கள்.

"கேக்கும்," என்றார். "நான் சொன்னா கேக்கும்."

இறங்கும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன் அண்ணே பொய் சொன்னீங்க? இனிமே இங்க ஒரு குட்டி செத்தாலும் உங்களைத்தானே கட்டி வெச்சுக் கேப்பாங்க?"

"கெழங்கு முளைவிட்டுடுச்சு தங்கச்சி," என்றார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "என் சாலை யாருக்குக் குடுப்பாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு," என்றார்.

சிப்ரியானாவின் மருமகனுக்குக் கொடுத்தார்கள்.

லாமாக்கள் மேல் கிழங்கை ஏற்றிக்கொண்டு போனோம். ஓடையோரம் பரப்பினோம். விடியும்போது தட்டிப் பார்த்தால் டக் டக்கென்றது. பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலால் மிதித்தோம். விரல் மரத்துப்போகிற அந்தக் குளிர் எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மொராயா வெள்ளையாக வந்தது. அந்த வருடம் எங்கள் ஊரில் எந்த வீட்டுச் சூப்பிலும் அது இல்லாமல் இல்லை. ஒரு வீட்டிலும் இலாரியோ அண்ணனின் பெயரை நல்லபடியாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

"நான் அன்னிக்கே சொல்லலையா?" என்றாள் சிப்ரியானா, தட்டை வழித்துக்கொண்டே. "வித்தான், அப்புறம் வித்த எடத்துக்கே குடிபோயிட்டான். குற்றமில்லாதவன் ஏன் ஊரை விட்டுப் போறான்?"

நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். ஒரு பயனும் இல்லை. புல்வெளி கிடைத்தால் சால் உண்டு என்று கூட்டத்தில் சொன்னாரே என்று மெல்ச்சோரிடம் கேட்டேன். "அவனுக்கு இப்ப அங்க சால் இருக்குமே," என்றார். இல்லை. ரித்திகோச்சாவில் வெளியூர்க்காரனுக்குச் சால் கொடுப்பதில்லை.

இந்த ஜூனில் மறுபடி ஏறினோம். ஓடையோரம் கிழங்கைப் பரப்பி, விடிந்ததும் போய்ப் பார்த்தோம். ரித்திகோச்சாக்காரர்களும் அவர்கள் கிழங்கருகே குனிந்து நின்றார்கள். நான் இரண்டை எடுத்துத் தட்டினேன். ஒன்றில் டக்கென்றது. இன்னொன்றில் சத்தமே இல்லை.

இலாரியோ அண்ணன் சற்றுத் தள்ளிக் கழுத்தில் சங்கோடு நின்றார். இளைத்திருந்தார். அனக்லேத்தோ கையிலிருந்த கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அந்தப் பார்வையை நான் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் சாக்கைத் தூக்கிக்கொண்டு இடம் தேடிய அதே கண். ஓடைக்கு மேலே கொஞ்சம் புல். அதற்கு மேலே சரளைக்கல். அதற்கு மேலே பாறை.

"பாத்தியா," என்று என் காதருகே சொன்னாள் சிப்ரியானா. "இங்கேர்ந்தும் வித்துட்டான்."

"யாருக்குடி விப்பான்?" என்றேன். "அதுக்கு மேல ஊரே இல்லையே."